குற்றாலம் போகிற வழியில் மீர்கேட்டின் பங்காளி!

ஆனி, ஆடி வந்துவிட்டால் திருநெல்வேலியிலிருந்து குற்றாலம் போகும் பஸ்களில் நிற்கவும் இடம் இருக்காது. அந்தக் கூட்டத்தில் பெரும்பாலானவர்களுக்கு ஆலங்குளம் என்பது நடுவழியில் வரும் ஓர் ஊர், அவ்வளவுதான். டீ குடிக்க இறங்குவார்கள், காற்றில் பறக்கும் வேட்டியையும் துப்பட்டாவையும் பிடித்துக்கொள்வார்கள், மறுபடி ஏறி உட்கார்ந்து மேற்கே மலை தெரிகிறதா என்று பார்ப்பார்கள். சாலையோர வேலியை யாரும் பார்ப்பதில்லை.

பார்க்க வேண்டும். ஏனென்றால், யூடியூபில் குழந்தைகள் திரும்பத் திரும்ப ரசிக்கும் ஒரு விலங்கின் நெருங்கிய பங்காளி அந்த வேலிக்குள்தான் குடியிருக்கிறது.

பின்னங்காலில் நிமிர்ந்து நின்று, கையைக் கட்டிக்கொண்ட வாத்தியார் மாதிரி அக்கம்பக்கம் பார்க்குமே, மீர்கேட். 'தி லயன் கிங்' படத்தில் வரும் டிமோன் அந்த இனம்தான். அதன் சொந்த ஊர் தென் ஆப்பிரிக்கா, நமீபியா, போட்ஸ்வானா பக்கம் பரந்து கிடக்கும் கலஹாரி வறண்ட நிலம். பெயரில் 'கேட்' இருந்தாலும் அது பூனை இல்லை. கீரி குடும்பத்தைச் சேர்ந்தது. உலகில் 30-க்கும் மேற்பட்ட கீரி இனங்கள் உண்டு. அதில் ஒன்று மீர்கேட். இன்னொன்று, நம் ஆலங்குளத்துச் சாம்பல் கீரி.

இருவரும் ஒரே குடும்பம். ஆனால் ஒருவர் கூட்டுக் குடும்பம், மற்றவர் தனிக் குடித்தனம். ஏன் இப்படி ஆனது என்று தெரிந்துகொண்டால், ஆலங்குளத்து வேலிகளின் அருமையும் சேர்ந்தே புரியும்.

சாரல் ஒரு பக்கம், காற்று ஒரு பக்கம்

தென்காசி மாவட்டம் 2019 நவம்பர் 22 அன்று பிறந்தது. மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில் மேற்குத் தொடர்ச்சி மலை. அங்கே குற்றாலத்தில் தென்மேற்குப் பருவக்காற்று சாரலாகக் கொட்டும். கிழக்கே ஆலங்குளம் வருவதற்குள் அந்தக் காற்றில் ஈரம் தீர்ந்துவிடும். மிஞ்சுவது வெறும் காற்று மட்டும். செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் அந்தக் காற்றை நம்பித்தான் இந்தப் பக்கமெல்லாம் காற்றாலைகள் வரிசை கட்டி நிற்கின்றன. ஆலங்குளத்துக்காரர்கள் மழைக்கு ஐப்பசி, கார்த்திகை வரை காத்திருக்க வேண்டும்.

அதனால் நிலமும் அப்படித்தான். செம்மண், பனை, உடைமரம், சீமைக்கருவேலம். கிணறு இருக்கும் இடத்தில் தக்காளி, மிளகாய், சின்ன வெங்காயம். நடுவே குளங்கள். அங்கங்கே இந்தப் பக்கத்து மக்கள் 'பொத்தை' என்று சொல்லும் சிறு பாறைக் குன்றுகள். வீட்டுத் திண்ணைகளில் மடியில் தட்டை வைத்துக்கொண்டு பீடி சுற்றும் பெண்கள்.

சாம்பல் கீரிக்கு இதைவிட நல்ல ஊர் கிடைக்காது. அடர்ந்த காடு அதற்குப் பிடிக்காது. வயல், வரப்பு, முள்வேலி, குளக்கரை, இடிந்த சுவர், கல்குவியல் என மனிதர்கள் புழங்கும் இடத்தின் ஓரம்தான் அதற்கு வசதி. எலி அங்கேதான் இருக்கிறது.

'ஏலே, அந்தா போகுது பாரு கீரிப்புள்ள!' என்று யாராவது கை காட்டினால், திரும்புவதற்குள் வால் மட்டும்தான் தெரியும். உடல் ஒன்றரை அடிக்குள். வாலும் கிட்டத்தட்ட அதே நீளம். எடை ஒரு கிலோவிலிருந்து ஒன்றே முக்கால் கிலோ வரை. அது ஓடுவது போலவே இருக்காது, தரையோடு தரையாகத் தண்ணீர் வழிந்து போவது போல இருக்கும். நடுவில் ஒரு நொடி நின்று, பின்னங்காலில் எழும்பி, சுற்றிலும் பார்க்கும். அந்த ஒரு நொடியில் அது அச்சு அசல் மீர்கேட்தான்.

கலஹாரியில் டூட்டி பார்க்கும் காவலன்

மீர்கேட் வாழும் இடத்தில் வேலி இல்லை, புதரும் குறைவு. மேலே கழுகு, கீழே நரி, பாம்பு. ஒரு கிலோவுக்கும் குறைவான எடையுள்ள ஒரு பிராணி மண்ணைத் தோண்டிப் பூச்சி தேட வேண்டும் என்றால் தலையைக் குனிந்துதான் ஆக வேண்டும். குனிந்தால் கழுகு வருவது தெரியாது.

மீர்கேட் இதற்குக் கண்டுபிடித்த வழி, கூட்டம். பத்து, இருபது, சில சமயம் அதற்கும் மேல் சேர்ந்து வாழும். மற்றவை தோண்டும்போது ஒன்று மட்டும் மேடான இடத்திலோ செடியின் உச்சியிலோ ஏறிக் காவல் நிற்கும். 'நான் இங்கே இருக்கிறேன், கவலைப்படாமல் சாப்பிடுங்கள்' என்பது போல மெல்லிய குரலை விட்டு விட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கும். வானத்தில் ஆபத்து என்றால் ஒரு குரல், தரையில் ஆபத்து என்றால் வேறு குரல். கேட்ட மாத்திரத்தில் எல்லாம் வளைக்குள் ஓடிவிடும்.

இதையெல்லாம் அருகில் இருந்து பார்த்துப் பதிவு செய்தவர்கள் பிரிட்டன் விலங்கியலாளர் டிம் கிளட்டன்-பிராக் குழுவினர். தென் ஆப்பிரிக்காவின் குருமான் ஆற்றுப் பகுதியில் 1993-ல் தொடங்கிய அந்த ஆய்வில் பல தலைமுறை மீர்கேட்களின் வாழ்க்கை எழுதப்பட்டிருக்கிறது. அதில் ஒரு சுவாரஸ்யம்: காவலுக்கு ஏறுவது பெரும்பாலும் வயிறு நிறைந்த மீர்கேட்தான். தனக்குப் பசி தீர்ந்த பிறகு உயரத்தில் நிற்பது அதற்கும் பாதுகாப்பு, மற்றவற்றுக்கும் பாதுகாப்பு. தியாகமும் சுயநலமும் ஒரே இடத்தில் நிற்கின்றன.

குட்டிகளை வளர்ப்பதும் கூட்டு வேலைதான். தாய் இரை தேடப் போனால் அக்காவோ சித்தப்பாவோ நாள் முழுக்கச் சாப்பிடாமல் வளையில் காவல் இருக்கும். தேளைத் தின்னப் பழக்குவதற்குப் பாடத்திட்டமே உண்டு. முதலில் செத்த தேள். அடுத்து, கொடுக்கைப் பிய்த்துப் போட்ட உயிருள்ள தேள். குட்டி தேறிய பிறகு முழுத் தேள். மனிதரைத் தவிர வேறு விலங்குகள் 'கற்றுக்கொடுக்கின்றன' என்பதற்கு 2006-ல் வெளியான இந்த ஆய்வு முக்கியமான சான்று.

உடம்பும் அந்த நிலத்துக்கு ஏற்றபடி அமைந்தது. கண்ணைச் சுற்றிய கறுப்பு வெயில் கூச்சத்தைக் குறைக்கும். தோண்டும்போது மண் போகாமல் காதை மூடிக்கொள்ள முடியும். காலையில் வளையிலிருந்து வந்ததும் வரிசையாக நின்று வயிற்றைச் சூரியனுக்குக் காட்டும். வயிற்றில் முடி குறைவு, தோல் கறுப்பு. அதனால் குளிர் சீக்கிரம் விலகும்.

அந்த ஊரிலும் ஒரு போக்கிரி உண்டு. நம் ஊர்க் கரண்டுக் கம்பியில் உட்கார்ந்திருக்கும் கரிச்சானின் உறவுப் பறவை. கழுகு வந்துவிட்டதாகப் பொய்க் குரல் கொடுக்கும். மீர்கேட்கள் இரையைப் போட்டுவிட்டு ஓடியதும் இறங்கி எடுத்துக்கொண்டு போய்விடும்.

கண்ணாடிக்குப் பின்னாலும் காவல்

லண்டன், சிட்னி போன்ற நகரங்களின் உயிரியல் பூங்காக்களில் மீர்கேட் கூண்டின் முன்னால் எப்போதும் குழந்தைகள் கூட்டம்தான். அங்கே கழுகு இல்லை, பாம்பு இல்லை. வேளாவேளைக்குச் சாப்பாடு. ஆனாலும் ஒரு மீர்கேட் மேட்டில் ஏறி நிற்கும். தலைக்கு மேல் விமானம் பறந்தால் அண்ணாந்து பார்க்கும்.

பூங்காவிலேயே பிறந்து, கழுகைக் கண்ணால்கூடப் பார்க்காத மீர்கேட்களும் காட்டு மீர்கேட்களைப் போலவே எச்சரிக்கைக் குரல்களை எழுப்புகின்றன என்று 2007-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. காட்டில் பத்து வயதைத் தொடுவது அரிது. பூங்காவில் பன்னிரண்டைத் தாண்டியும் வாழும். ஆனால் அந்த நீண்ட ஆயுளிலும் பயம் போவதில்லை. அதனால்தான் நல்ல பூங்காக்களில் தோண்டுவதற்கு ஆழமான மணல், ஏறி நிற்க மேடு, ஓடி ஒளிய வளை, வெயில் இல்லாத நாளில் சூடு தரும் விளக்கு எல்லாம் வைக்கிறார்கள். புழுக்களை மணலுக்குள் புதைத்துத் தேட விடுகிறார்கள். தட்டில் சோறு வைத்தால் மட்டும் போதாது, அதற்கு வேலையும் வேண்டும்.

கீரிக்கு யார் காவல்?

இனி ஆலங்குளத்துக்குத் திரும்புவோம். இங்கே கீரிக்குச் சித்தப்பாவும் இல்லை, காவல்காரனும் இல்லை. பெரும்பாலும் தனியாகத்தான் திரியும். சில நேரம் ஜோடியாக. தாய்க்குப் பின்னால் குட்டிகள் ரயில் பெட்டி மாதிரி வரிசையாகப் போவதுதான் அதன் வாழ்க்கையில் நாம் பார்க்கக்கூடிய ஒரே கூட்டம்.

கூட்டம் ஏன் தேவைப்படவில்லை? இங்கே மறைவு இருக்கிறது. இரண்டு தாவு தாவினால் முள்வேலி. மூன்றாவது தாவில் கல்லிடுக்கு. ஆபத்தைத் தொலைவில் பார்க்க இருபது கண்கள் வேண்டியதில்லை, அருகில் ஒரு புதர் இருந்தால் போதும். கலஹாரி மீர்கேட்டுக்குக் கூட்டம் காவல் என்றால், ஆலங்குளத்துக் கீரிக்கு வேலிதான் காவல்.

அதன் ரோமத்திலும் இந்த மறைவு எழுதப்பட்டிருக்கிறது. ஒரே முடியில் கறுப்பு, வெளுப்பு, கறுப்பு என்று வளையம் வளையமாக நிறம். காய்ந்த புல்லில் நின்றால் புல்லோடு புல்லாகிவிடும்.

பாம்புக்கும் கீரிக்கும் சண்டை விடப்போவதாகச் சொல்லி ஊர்ச் சந்தையில் கூட்டம் சேர்த்து, கடைசிவரை விடாமல் தாயத்து விற்றுவிட்டுப் போகும் வித்தைக்காரரைத் தாத்தா, பாட்டிகளுக்கு நினைவிருக்கும். உண்மையில் கீரியின் முக்கிய உணவு பாம்பு இல்லை. எலி, பூச்சி, ஓணான், தவளை, முட்டை, சிறு பறவை இவைதான் அன்றாடச் சாப்பாடு. பாம்பு எப்போதாவது வரும் விருந்து.

கடிபட்ட கீரி ஏதோ பச்சிலையைத் தின்று விஷத்தை முறித்துக்கொள்ளும் என்பது ஊர் ஊராகச் சொல்லப்படும் கதை. விடை பச்சிலையில் இல்லை, உடம்புக்குள்ளேயே இருக்கிறது. நல்ல பாம்பின் விஷம், நரம்பிலிருந்து தசைக்குப் போகும் கட்டளையைத் தடுத்து மூச்சை நிறுத்தும். அதற்கு அந்த விஷம் தசையில் உள்ள ஒரு பூட்டில் போய் ஒட்ட வேண்டும். கீரிகளின் உடலில் அந்தப் பூட்டின் வடிவமே சற்று மாறியிருக்கிறது. சாவி பொருந்துவதில்லை. அதற்காக எந்தப் பாம்பு எவ்வளவு கடித்தாலும் பிழைக்கும் என்று அர்த்தமில்லை. ஆகவே அது நம்புவது வேகத்தை. முடியைச் சிலிர்த்துப் பெரிதாகக் காட்டி, பாம்பைத் திரும்பத் திரும்பக் கொத்த வைத்துக் களைக்கச் செய்து, தலையைக் கவ்வும்.

பழைய தமிழ்ச் சொந்தம்

அணிலுக்கும் கீரிக்கும் தென்னைக்கும் தமிழர்கள் 'பிள்ளை' என்று செல்லப் பெயர் சேர்த்தார்கள். தொல்காப்பியத்தின் மரபியலில் 'மூங்கா' என்ற பெயர் வருகிறது. அதுவும் கீரிதான். சிலப்பதிகாரத்தில் ஒரு கீரியைக் கொன்றுவிட்ட பழியால் கணவன் பிரிந்துபோன பெண்ணுக்குக் கோவலன் உதவிய கதை உண்டு. பிள்ளையைக் காத்த கீரியை அவசரப்பட்டுக் கொன்ற தாயின் கதையைப் பாட்டிகள் இன்றும் சொல்கிறார்கள்.

கோழி வளர்ப்பவர்களிடம் கேட்டால் கதை வேறு மாதிரி இருக்கும். குஞ்சைத் தூக்கிக்கொண்டு போவதிலும் கீரி கெட்டிக்காரன். அந்தக் கோபம் நியாயம்தான். ஆனால் அதே கீரி வயலில் பிடிக்கும் எலிகளை யாரும் எண்ணுவதில்லை. குஞ்சுகளைப் பகலில் பஞ்சாரத்துக்குள் கவிழ்த்து வைப்பதும், கூட்டின் அடிப்பக்கத்தில் தோண்ட முடியாதபடி கல் பதிப்பதும் அந்தக் காலத்து வழி. இன்றைக்கும் அதுதான் வழி.

கீரி எங்கே இருந்தாலும் நல்லது என்றும் சொல்ல முடியாது. கரும்புத் தோட்டத்து எலிகளை ஒழிக்க 1872-ல் இந்தியாவிலிருந்து ஜமைக்காவுக்குச் சிறு கீரிகளைக் கொண்டுபோனார்கள். அவை அந்தத் தீவின் பறவைகளையும் ஊர்வனவற்றையும் சேர்த்துத் தின்றன. ஜப்பானின் அமாமி ஒஷிமா தீவில் விஷப் பாம்பை ஒழிக்க 1979-ல் சுமார் 30 கீரிகளை விட்டார்கள். பாம்பு இரவில் வரும், கீரி பகலில் வரும். இரண்டும் சந்திக்கவே இல்லை. அரிய அமாமி முயல்தான் இரையானது. அந்தத் தீவிலிருந்து கீரியை முற்றிலும் அகற்றியதாக ஜப்பான் அறிவித்தது 2024-ல். தன் மண்ணில் இருக்கும்வரைதான் அது உழவனின் தோழன்.

ஒரு தூரிகையின் விலை

அந்த மண்ணிலேயே அதற்கு இரண்டு ஆபத்துகள்.

முதலாவது, ஓவியத் தூரிகை. கீரியின் முடி விறைப்பானது, நுனி கூர்மையானது, வண்ணத்தை நன்றாகப் பிடித்துக்கொள்ளும். ஒரு கீரியிலிருந்து கிடைப்பது சில பத்து கிராம் முடிதான். அதற்காக அதைக் கொல்கிறார்கள். 1972-ம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி கீரியை வேட்டையாடுவதும், அதன் முடியில் செய்த தூரிகையை விற்பதும் குற்றம். 2019 அக்டோபரில் மத்திய வன உயிரினக் குற்றத் தடுப்புப் பிரிவு பல மாநிலங்களில் ஒரே சமயத்தில் சோதனை நடத்தி, ஆயிரக்கணக்கான தூரிகைகளைப் பறிமுதல் செய்தது. அந்த நடவடிக்கையின் பெயரே 'தூய கலை' என்ற பொருளில் வைக்கப்பட்டது.

வீட்டில் படம் வரையும் பிள்ளைகள் இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். தூரிகை முடியின் நுனி கரும்பழுப்பு, நடுவில் வெளிறிய நிறம், அடியில் மறுபடி கருமை என்று இருந்தால் சந்தேகப்பட வேண்டும். நைலான் தூரிகை எல்லாக் கடையிலும் கிடைக்கிறது. அதிலும் படம் அழகாகவே வரும்.

இரண்டாவது ஆபத்து, நம் கண்ணெதிரே நடப்பது. நெல்லை–தென்காசி சாலையை நான்கு வழியாக அகலப்படுத்தியபோது ஓரத்து மரங்கள் போயின. சாலை எல்லோருக்கும் தேவை. ஆனால் வேலி ஓரமாகவே வாழும் ஒரு பிராணிக்கு, இந்தப் பக்க வேலிக்கும் அந்தப் பக்க வேலிக்கும் உள்ள தூரம் கூடிக்கொண்டே போகிறது. நிலங்கள் மனைகளாகும்போது முதலில் போவது முள்வேலிதான். அதன் இடத்தில் வருவது கல்தூணும் கம்பியும். கம்பிவேலிக்குள் ஒளிய முடியாது. கீரியால் ஒரே நாளில் மீர்கேட் மாதிரி கூட்டம் சேர்ந்து காவல் போடவும் முடியாது. பல லட்சம் ஆண்டுப் பழக்கம் அது.

பார்க்க நினைப்பவர்களுக்கு

குற்றாலப் பயணத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும். காலை ஆறரை முதல் ஒன்பது வரை, மாலை நான்கு முதல் ஆறு வரை நல்ல நேரம். ஆலங்குளத்தைச் சுற்றியுள்ள கிராமத்துச் சாலைகளில், குளக்கரையோரம், பொத்தைகளின் அடிவாரம், வேலியும் வயலும் சேரும் இடம் இவற்றில் பாருங்கள். வண்டியைச் சாலைக்கு வெளியே நிறுத்தி, எஞ்சினை அணைத்து, பேசாமல் இருங்கள். சாப்பாடு போடாதீர்கள். துரத்திப் படம் எடுக்காதீர்கள்.

வால் நுனி வெளிறியிருந்தால் சாம்பல் கீரி. நுனி கறுத்து, மேல்நோக்கி வளைந்திருந்தால் அது செங்கீரி. மேற்கே மலைக்காடுகளில் இன்னும் இருவர் இருக்கிறார்கள். கழுத்தின் பக்கவாட்டில் கறுப்புப் பட்டை போட்ட, ஆசியாவிலேயே பெரிய கீரி ஒன்று. ஓடைக்கரையில் நண்டு தேடும். இன்னொன்று, ஆள் கண்ணில் எளிதில் படாத பழுப்புக் கீரி. இந்தியாவின் ஆறு கீரி இனங்களில் நான்கு தமிழ்நாட்டில் உண்டு. மலைக்காட்டுக்குள் வனத்துறை அனுமதியின்றிப் போகக் கூடாது.

ஆலங்குளத்துக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை, டிக்கெட்டும் இல்லை. ஊர்க்காரர்கள் ஓர் ஓரத்து முள்வேலியை வெட்டாமல் விட்டால், ஓட்டுநர்கள் காலையிலும் மாலையிலும் கிராமத்துச் சாலையில் கொஞ்சம் வேகத்தைக் குறைத்தால், அங்கே கீரி குடியிருக்கும். வரப்பின் மேல் ஒரு நொடி நிமிர்ந்து நின்று பார்த்துவிட்டு, அது மறுபடி வேலிக்குள் போக வேண்டும். போவதற்கு ஒரு வேலி இருக்க வேண்டும்.